டெல்டா கிராமங்களுக்கு அவசர மருத்துவம்: பணம் எங்கிருந்து வருகிறது, நாம் எதைக் கேட்க வேண்டும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் கிராமசபை கூடினால் ஆம்புலன்ஸ் பேச்சு வராமல் இருக்காது. யாராவது ஒருவர் எழுந்து, "போன மாசம் எங்க தெருவுக்கு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆச்சு" என்பார். "மேலே எழுதிப் போட்டிருக்கோம்" என்று பதில் வரும். மேலே என்றால் எங்கே, யாரிடம், எந்தக் கணக்கில் உள்ள காசு என்று தெரிந்துகொண்டு பேசினால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்காது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்து, தெரிந்த அளவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

108 அரசு வண்டியா, தனியார் வண்டியா?

இரண்டும் கலந்தது. தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. வண்டியும் பணமும் கொள்கையும் அரசுடையவை. அன்றாடம் ஓட்டுவது, ஆள் எடுப்பது, சென்னைக் கட்டுப்பாட்டு அறையை நடத்துவது எல்லாம் ஒப்பந்த நிறுவனத்தின் வேலை. 2005-ல் ஐதராபாத்தில் உருவான இ.எம்.ஆர்.ஐ. அமைப்புதான் தொடக்கத்திலிருந்து இதை நடத்துகிறது. ஆகவே வண்டி தாமதமானால் ஓட்டுநரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. எத்தனை வண்டி, எங்கே நிற்கும், எத்தனை ஷிஃப்ட் ஓடும் என்று முடிவு செய்பவர் அவர் இல்லை.

இதற்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்?

மருத்துவமும் பொது சுகாதாரமும் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. அதனால் முதல் பொறுப்பு மாநில பட்ஜெட்டுக்கு. அதோடு தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாக ஒன்றிய அரசின் பணம் வருகிறது. 2015-16 முதல் இந்தக் குழுமத்தின் செலவில் ஒன்றியம் 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்பது பெரும்பாலான மாநிலங்களுக்கான கணக்கு. ஆனால் 108-ஐ ஓட்டும் செலவுக்கு ஆரம்பத்தில் வகுத்த விதி வேறு: முதல் ஆண்டு 60 சதவீதம், இரண்டாம் ஆண்டு 40, அதற்குப் பிறகு 20 என்று ஒன்றியத்தின் பங்கு குறைந்துகொண்டே வரும். வண்டி வாங்கும்போது கை தாராளமாக நீளும், ஓட்ட ஆரம்பித்ததும் பாரம் மாநிலத்தின் தோளில் ஏறும் என்பதுதான் அந்த விதியின் நடைமுறைப் பொருள்.

உலக வங்கிக் கடனும் இதில் உண்டு. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் வழியாகத்தான் 108 இங்கே வேரூன்றியது. 2019-ல் 28.7 கோடி டாலருக்குக் கையெழுத்தான சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்திலும் விபத்துச் சிகிச்சைக்கு ஒரு பங்கு இருக்கிறது.

அப்புறம் 15-வது நிதிக்குழு, அதாவது ஒன்றியத்தின் பணத்தை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் குழு. 2021–26 காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென 70,051 கோடி ரூபாயை அது பரிந்துரைத்தது. துணை சுகாதார நிலையக் கட்டடம், பரிசோதனை வசதி, வட்டாரப் பொது சுகாதார அலகு என்று அது பிரிகிறது. ஆம்புலன்ஸுக்கு டீசல் போட அதில் தலைப்பு இல்லை.

2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது. மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. அவசர மருத்துவத்துக்கு மட்டும் இத்தனை சதவீதம் என்று எங்கும் எழுதப்படவில்லை. இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன். தனிப் பங்கு எழுதப்படாத செலவுதான் நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படும்.

எங்கள் ஊருக்கு எம்.பி. நிதியிலோ எம்.எல்.ஏ. நிதியிலோ ஒரு ஆம்புலன்ஸ் வாங்கித் தரச் சொல்லலாமா?

கேட்கலாம், கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி. எம்.பி. நிதி விதிகளில் ஆம்புலன்ஸ் வாங்க இடம் இருக்கிறது. ஆனால் தொடர்ச் செலவுக்கு இடமில்லை. சம்பளம், டீசல், ஆக்சிஜன், டயர், காப்பீடு எதற்கும் அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு வண்டி 24 மணி நேரமும் ஓட வேண்டுமானால் 12 மணி நேர ஷிஃப்டுக்கு ஒரு பைலட் (ஓட்டுநரை அப்படித்தான் அழைக்கிறார்கள்), ஒரு மருத்துவ உதவியாளர். இரண்டு ஷிஃப்ட் என்றால் நான்கு பேர். வார விடுப்புக்கும் காய்ச்சல், கல்யாணம் என்று வராத நாளுக்கும் மாற்று ஆள் வேண்டும். இவர்களுக்கு மாதம் தவறாமல் சம்பளம் போட வேண்டும். வண்டியின் விலை ஒருமுறை கொடுப்பது. இந்தச் செலவு வண்டி உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் கொடுப்பது. மோட்டார் வாங்கி இறக்கிவிட்டு, கரண்டுக்கு யாரும் பொறுப்பில்லை என்றால் வயலுக்குத் தண்ணீர் பாயுமா?

நன்கொடையாக வந்த ஆம்புலன்ஸ், ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் காற்று இறங்கிய டயரோடு நிற்பதை டெல்டாவில் பார்க்காதவர்கள் குறைவு. கொடுத்தவர் பெயர் பக்கவாட்டில் பளிச்சென்று இருக்கும், உள்ளே ஸ்ட்ரெச்சர் மேல் பழைய பதிவேடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஆகவே மனு எழுதும்போது "வண்டி வேண்டும்" என்று நிறுத்தாதீர்கள். "எங்கள் பகுதியில் 108-க்கு ஒரு நிறுத்துமிடம், இரண்டு ஷிஃப்டும் ஆளோடு வேண்டும்" என்று எழுதுங்கள். முதல் கோரிக்கையை ஒரு விழாவோடு முடித்துவிடலாம். இரண்டாவதை ஏற்றால் வருடா வருடம் பட்ஜெட்டில் எழுதியாக வேண்டும்.

ஒரு லட்சம் பேருக்கு ஒரு ஆம்புலன்ஸ் என்கிறார்களே, நமக்கு அது இருக்கிறதா?

அந்த அளவுகோல் உண்மைதான். ஒரு லட்சம் மக்களுக்கு அடிப்படை உயிர்காப்பு வசதியுள்ள வண்டி ஒன்று, ஐந்து லட்சத்துக்கு வென்டிலேட்டர் உள்ளிட்ட உயர்நிலை வசதியுள்ள வண்டி ஒன்று என்பது தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வரையறை. 2011 கணக்கெடுப்பில் திருவாரூர் மாவட்ட மக்கள்தொகை 12.64 லட்சம். அப்படியானால் 13 சாதாரண வண்டியும் இரண்டு மூன்று உயர்நிலை வண்டியும் இருந்தால் காகிதத்தில் கணக்கு நேராகிவிடும். மாநிலம் முழுவதும் 1,300-க்கும் மேற்பட்ட 108 வண்டிகள் ஓடுகின்றன. 7.2 கோடி மக்களுக்கு அந்த விதிப்படி சாதாரண வண்டி 720, உயர்நிலை வண்டி 144 போதும் என்பதால், தமிழ்நாடு அளவுக்கு மேலேயே செய்துவிட்டது என்று அதிகாரிகள் சொல்வதிலும் பொய் இல்லை.

பிறகு ஏன் வண்டி தாமதமாகிறது? தலையை எண்ணும் கணக்கில் ஆறும் வாய்க்காலும் வராது. வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு, அரிச்சந்திரா நதி, முள்ளியாறு என்று குறுக்கும் நெடுக்கும் நீர் ஓடும் ஊர் இது. எதிர்க்கரையில் கூப்பிடு தூரத்தில் தெரு தெரியும், விளக்கு தெரியும். வண்டி போக வேண்டுமென்றால் அடுத்த பாலம் வரை சுற்றியாக வேண்டும். ஆற்றங்கரைச் சாலையில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் மதகு வரை பின்னால் எடுக்க வேண்டும். ஒரு ஊராட்சியிலேயே தெருக்கள் வயல்களால் பிரிந்து கிடக்கும்.

ஆகவே டெல்டாவுக்கு வேண்டியது நேரக் கணக்கு. எந்தத் தெருவுக்கும் இத்தனை நிமிடத்துக்குள் வண்டி, இத்தனை நிமிடத்துக்குள் முதல் சிகிச்சை என்று மாவட்ட வாரியாக இலக்கு வைத்து, அதை எட்டாத ஊர்களின் பட்டியலை வெளியிட வேண்டும். மலைப்பகுதிகளுக்குத் தனி விதி வேண்டும் என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். நிலம் சமமாக இருப்பதால் டெல்டாவில் போக்குவரத்து சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி நினைப்பவர்கள் ஐப்பசி மழையில் தலைஞாயிறு பக்கம் ஒருமுறை வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எதற்கெடுத்தாலும் தஞ்சாவூருக்கு எழுதிவிடுகிறார்கள். ஏன்?

என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி இதுதான். ஆம்புலன்ஸ் பற்றாக்குறை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இதற்குள் ஒளிந்திருக்கிறது.

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் 100 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நோயாளியை அங்கிருந்து "தஞ்சாவூர் மெடிக்கல்" என்று எழுதி அனுப்பினால், போக இரண்டரை மணி நேரம், வார்டில் ஒப்படைத்து ஸ்ட்ரெச்சரை மீட்டு எடுக்க ஒரு அரை மணி, திரும்பி வர இன்னொரு இரண்டரை மணி நேரம். கிட்டத்தட்ட அரை நாள் அந்த வண்டி அந்தப் பகுதியில் இல்லை. அதற்குள் கோடியக்கரையில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அடுத்த வண்டி வேறு தாலுகாவிலிருந்து வர வேண்டும். வீட்டிலிருந்து தூக்கவும், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் ஒரே வண்டியைப் பயன்படுத்துவதால் வரும் வினை இது.

நடுவில் உள்ள மருத்துவமனை பலமாக இருந்தால் இந்த ஓட்டம் பாதியாகக் குறையும். இரவில் மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா, ரத்தம் இருக்கிறதா, சி.டி. ஸ்கேன் எடுத்தால் படிக்க ஆள் உண்டா, வென்டிலேட்டர் இருந்தால் அதைக் கவனிக்கத் தெரிந்த செவிலியர் உண்டா? இந்த நான்கில் ஒன்று இல்லை என்றாலும் பணியில் இருக்கும் இளம் டாக்டர் எழுதி அனுப்பத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கொள்கை அளவில் இதற்கு விடை தயாராகவே இருக்கிறது. 2017-18-ல் தொடங்கிய தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்முயற்சி, மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் தனி அவசரப் பிரிவுகளைக் கொண்டுவந்தது. உள்ளே வரும் நோயாளியை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, சிவப்பை உடனே பார்ப்பது அதன் அடிப்படை. 2021-ல் ஒன்றிய அரசு 64,180 கோடி மதிப்பில் அறிவித்த சுகாதார உள்கட்டமைப்பு இயக்கத்தில், மாவட்டங்களில் தீவிர சிகிச்சைக் கட்டடங்கள் கட்டுவதும் ஒரு பகுதி. திருவாரூரில் 2010-லும் நாகப்பட்டினத்தில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. 2020 டிசம்பரில் தனி மாவட்டமான மயிலாடுதுறை தலைமை மருத்துவமனையை நம்பி நிற்கிறது.

இனி பணம் போக வேண்டிய இடம் தாலுகா மருத்துவமனைகள் என்பதே என் கருத்து. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, சீர்காழி போன்ற ஊர்களில் இரவு 2 மணிக்கும் முழு ஆளோடு ஓடும் அவசரப் பிரிவு ஒன்று இருந்தால், அது பல ஆம்புலன்ஸ்களுக்குச் சமம். கட்டடம் கட்டும் ஒதுக்கீட்டோடு ஆட்களை நியமிக்கும் ஆணையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சொல்ல மறக்கக் கூடாத ஒன்று: தஞ்சாவூரிலேயே பிரசவமும் குழந்தைகளும் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு, விபத்தும் மற்ற அவசரமும் மருத்துவக் கல்லூரி வளாகத்துக்கு. சொந்தக் காரில் போகிறவர்கள் இடம் மாறிப் போய்க் கால் மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

வயலில் பாம்பு கடித்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கா, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கா?

டெல்டாவுக்கே உரிய கேள்வி, அதனால் விரிவாகச் சொல்கிறேன். 108-ஐ அழையுங்கள், அல்லது கையில் கிடைத்த வண்டியில் விஷமுறிவு மருந்து இருக்கும் மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடித்த இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே ஒரே மருந்துதான்.

இனி கொள்கைப் பக்கம். கண்ணாடி விரியன் கடித்திருந்தால் ரத்தம் உறையாமல் போகும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. இதை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் சோதனை பொய்த்துப்போகும், ஆகவே சில ரூபாய் மதிப்புள்ள கண்ணாடிக் குழாய் இருப்பு இருக்கிறதா என்பதும் ஒரு நிதிக் கேள்விதான்.

அடுத்தது மருந்தின் அளவு. முதல் தவணையே பொதுவாக 8 முதல் 10 குப்பி. இரண்டு குப்பி வைத்துக்கொண்டு "மருந்து இருப்பு உண்டு" என்று பலகையில் எழுதினால், அது அரைகுறை மருந்தோடு ஓர் உயிரை அடுத்த ஊருக்கு அனுப்புவதற்கான ஏற்பாடு. கிராமசபையில் கேட்க வேண்டியது "மருந்து இருக்கா?" என்றல்ல, "இன்று எத்தனை குப்பி இருக்கு, காலாவதி எப்போது, ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் இருக்கா, கட்டு விரியன் கடித்து மூச்சுத் திணறினால் அம்பு பை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) பிடித்துக்கொண்டே வண்டியில் ஏற ஆள் இருக்கா?" என்று.

2024 மார்ச்சில் ஒன்றிய அரசு பாம்புக்கடிக்கென தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. 2030-க்குள் சாவைப் பாதியாக்குவது அதன் இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு, பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி அரசு, தனியார் எந்த மருத்துவமனைக்கு வந்தாலும் அந்தக் கடி பதிவாக வேண்டும். பதிவு வந்தால்தான் எந்த வட்டாரத்துக்கு எத்தனை குப்பி என்று முறையாக ஒதுக்க முடியும். குறுவை நடவு முதல் தாளடி அறுப்பு வரை வயலில் நிற்பவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகும் பெண்கள். இந்த நல்ல ஆணை அவர்களுக்குப் பயன்பட வேண்டுமானால் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

நெஞ்சுவலிக்கு ஊரிலேயே ஏதாவது உண்டா?

உண்டு. 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் இருக்க வேண்டும். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, ஆக மொத்தம் 14. இவற்றை மருத்துவப் பணியாளர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், வீட்டில் நாமே எண்ணிப் போட்டுக்கொள்ளக் கூடாது. செலவு குறைவு, பலன் பெரிது. இப்படிப்பட்ட திட்டங்கள்தான் தூரமான ஊர்களுக்குத் தேவை.

சாலையில் அடிபட்டவருக்கு யார் பணம் கட்டுவது? காப்பீட்டு அட்டை வேண்டுமா?

அட்டை வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று தமிழ்நாடு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் வரை என்று வைத்தார்கள். அரசு மருத்துவமனைகளோடு பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வரும் வெளிமாநிலத்தவருக்கும் இது பொருந்தும்.

2025 மே மாதம் ஒன்றிய அரசும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 162-வது பிரிவின்கீழ் ஒரு திட்டத்தை அறிவித்தது. மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்தவருக்கு, விபத்து நாளிலிருந்து 7 நாள்வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. சட்டத்தில் சொல்லியும் திட்டம் வராமல் இருந்ததால் உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகுதான் இது வந்தது.

அடிபட்டவரைத் தூக்கிப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமா?

வேண்டாம். உதவுபவரைக் காக்கும் வழிமுறைகளுக்கு 2016-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 134-ஏ பிரிவாகச் சட்டத்திலேயே பாதுகாப்பு வந்துவிட்டது. பெயர் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. உயிருக்குப் போராடுபவரைப் பொன்னான முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு ஒன்றிய அரசு 25,000 ரூபாய் வெகுமதியும் அறிவித்திருக்கிறது.

"நிதி இல்லை" என்று அரசு கைவிரித்தால்?

அந்தப் பதிலை உச்ச நீதிமன்றம் 1996-லேயே ஏற்க மறுத்துவிட்டது. மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனை ஒன்றன்பின் ஒன்றாக, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பியது. கடைசியில் தனியாரிடம் காசு கட்டிப் பிழைத்தார். அவர் சார்ந்த வேளாண் தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. அவசர சிகிச்சை கொடுக்காதது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது, நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக, கருவிகளும் ஆட்களும் உள்ள ஆம்புலன்ஸ் வேண்டும், எங்கே படுக்கை காலி என்று சொல்ல ஒரு தகவல் தொடர்பு வேண்டும் என்பவையும் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன.

கிராமத்துக் கூலித் தொழிலாளி ஒருவரும் அவருடைய சங்கமும் நாட்டுக்கே வாங்கித் தந்த உரிமை இது. கீழ்வெண்மணி மண்ணில் வேளாண் தொழிலாளர் சங்கங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. கூலி உயர்வோடு இந்தக் கோரிக்கையையும் அவை கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

வெள்ளத்திலும் புயலிலும் 108 எப்படி வரும்?

பல நேரங்களில் வர முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து சாலைகள் அடைந்துபோயின. செல்பேசிக் கோபுரம் விழுந்தால் 108-ஐ அழைக்கவே வழியில்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. கொள்ளிடத்தில் தண்ணீர் பெருகினால் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற கரையோர ஊர்களுக்குப் படகுதான் கதி.

இங்கே நன்றாக நடக்கும் ஒரு வேலையைப் பாராட்ட வேண்டும். பிரசவ நாள் நெருங்கிய பெண்களின் பட்டியல் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்ததுமே அவர்களை முன்கூட்டி மருத்துவமனையில் சேர்த்துவிடுகிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஆக்சிஜனில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அதே பட்டியல் வேண்டும். 15-வது நிதிக்குழு, மாநிலப் பேரிடர் நிதியில் ஐந்தில் ஒரு பங்கை, பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் தணிப்புப் பணிகளுக்கென ஒதுக்கச் சொன்னது. திட்டு ஊர்களின் அணுகுசாலையை உயர்த்துவதையும் படகு வைப்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கேட்கலாம். பேரிடர் நேரத்தில் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

108 ஊழியர்கள் ஏன் அடிக்கடி போராட்டம் அறிவிக்கிறார்கள்?

ஒப்பந்த வேலை, 12 மணி நேர ஷிஃப்ட், போனஸும் ஊதிய உயர்வும் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற வேண்டிய நிலை. தீபாவளிக்கு முன்னால் செய்தி வருவது அதனால்தான். ஓடும் வண்டியில் பிரசவம் பார்ப்பவர், குடல் சரிந்தவரைத் துணி சுற்றித் தூக்குபவர் இவர்கள். நல்ல அனுபவம் சேர்ந்த மருத்துவ உதவியாளர் வேறு வேலை தேடிப் போய்விட்டால் நட்டம் நமக்கு. ஊரின் மனுவில் அவர்களுடைய ஊதியத்தையும் ஒரு கோரிக்கையாகச் சேர்ப்பது நியாயம்.

ஜமாத்தும் சங்கங்களும் நடத்தும் ஆம்புலன்ஸ்களுக்கு அரசு உதவி உண்டா?

நேரடி மானியம் என்று நம்பி இறங்க வேண்டாம். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் பக்கம் இந்த வண்டிகள் சாதி மதம் பாராமல் ஓடி எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கின்றன. இவற்றை 108 கட்டுப்பாட்டு அறையோடு இணைத்து, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஓட்டத்துக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்தால் புது வண்டி வாங்குவதைவிட மலிவாகவே முடியும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம், 2013 கம்பெனிகள் சட்டம்) கேட்பவர்களும் உண்டு. ஓ.என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் இந்த மண்ணிலிருந்து எண்ணெயும் எரிவாயும் எடுக்கின்றன. கேட்பது நியாயமே. ஆனால் மூன்று ஆண்டு ஓட்டும் செலவையும் சேர்த்தே எழுதி வாங்குங்கள்.

காசே இல்லாமல் ஊராட்சி என்ன செய்ய முடியும்?

நிறைய. முதலில் வழி. "மாரியம்மன் கோயில் பக்கம்" என்றால் சென்னையில் போன் எடுப்பவருக்கு எந்த மாரியம்மன் என்று தெரியாது. மேலத்தெரு இல்லாத ஊர் டெல்டாவில் இல்லை. தெருமுனையில் ஊராட்சி, ஒன்றியம், தாலுகா பெயரோடு பலகை எழுதி வையுங்கள். போனில் சொல்ல வேண்டியதும் அதே வரிசைதான். இரவில் ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் போய் நிற்கட்டும்.

அடுத்தது சாலையில் காயும் நெல். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை நெல்லும், அதைச் சுற்றி வைத்த கல்லும் அடைத்துக்கொள்கின்றன. இரவில் அதில் ஏறி விழுந்து அடிபடுபவர்களும் உண்டு, ஆம்புலன்ஸ் ஊர்ந்து போவதும் உண்டு. விவசாயியைத் திட்டிப் பயனில்லை, ஈர நெல்லை வைத்துக்கொண்டு அவர் வேறு எங்கே போவார்? உலர்களம் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். உலர்களத்துக்குச் செலவிடும் பணம் ஆம்புலன்ஸுக்கும் வழிவிடும் பணம்.

கிராம சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரையறையற்ற நிதி (இன்னதற்குத்தான் என்று கட்டாமல், தேவை பார்த்துச் செலவிடும் பணம்) உண்டு. சிறிய தொகைதான், ஒரு ஸ்ட்ரெச்சரும் முதலுதவிப் பெட்டியும் வாங்கலாம். ஆண்டுக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வண்டி எப்போது அழைத்தோம், எப்போது வந்தது, எங்கே கொண்டுபோனார்கள், அங்கிருந்து எங்கே எழுதினார்கள் என்று ஒரு நோட்டில் ஊரே பதிந்துகொண்டு வந்து தீர்மானத்தோடு இணைத்தால், அதிகாரிகள் அதைச் சுலபமாக ஒதுக்க முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் எதைக் கேட்பது?

10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் மாநில அலுவலகத்துக்கோ உங்கள் மாவட்ட சுகாதார அலுவலருக்கோ எழுதலாம். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், அவர்களே 5 நாளுக்குள் அங்கே அனுப்பி வைக்க வேண்டும் என்பது 6(3) பிரிவு. பதிலுக்குக் கெடு 30 நாள்.

கேட்க வேண்டியவை: உங்கள் ஒன்றியத்தில் 108 நிற்கும் இடங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஷிஃப்டும் ஓடுகிறதா, கடந்த ஓராண்டில் அந்த வண்டிகள் பழுது அல்லது ஆள் இல்லாமல் நின்ற நாட்கள், அழைப்பிலிருந்து வண்டி வந்து சேர ஆன நேரம், ஊராட்சி வாரியாக (மாவட்டச் சராசரி கொடுத்தால் ஏற்காதீர்கள், சராசரியில் டவுனின் வேகம் கிராமத்தின் தாமதத்தை மறைத்துவிடும்), தாலுகா மருத்துவமனையிலிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்பியவர்களின் எண்ணிக்கையும் காரணமும், அங்கே ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, விஷமுறிவு மருந்தின் மாதாந்திர இருப்பு. நோயாளிகளின் பெயரைக் கேட்காதீர்கள், அதைக் காரணம் காட்டி மனுவை மறுத்துவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுதுங்கள். முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது.